மாஸ்க் போட்டவர் அடித்தால் அது நியாயமா? சூப்பர் ஹீரோ வன்முறையை எடைபோடும் முறை

சூப்பர் ஹீரோ கதைகளின் நியாயம் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு உடனே ‘ஹீரோ கொல்லலாமா, கூடாதா’ என்ற கேள்வியில் போய் நின்றுவிடுகிறது. பேட்மேன் கொல்ல மாட்டார், பனிஷர் கொல்லுவார், உங்கள் கட்சி எது என்று இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஆனால் சிக்கல் அதிகம் இருப்பது கொலைக்கு இந்தப் பக்கம்தான். கை முறிப்பது, மாடி விளிம்பில் தொங்கவிடுவது, இருட்டில் நின்று மிரட்டுவது, அடித்து உண்மையைக் கக்கவைப்பது: ஒரு கதையில் கொலை ஒருமுறை வந்தால் இவை இருபது முறை வருகின்றன. இவற்றை எப்படி எடைபோடுவது என்பதைத்தான் இங்கே அடிப்படையிலிருந்து பார்க்கப்போகிறோம்.

உதாரணத்துக்குச் சென்னைக்கே வருவோம். தி.நகர் ரங்கநாதன் தெரு முனை, மாலைக் கூட்டம். பைக்கின் பின்சீட்டில் இருப்பவன் ஒரு பெண்ணின் கழுத்துச் செயினைப் பிடித்து இழுக்கிறான். அவர் கால் இடறித் தரையில் இழுபடுகிறார். நமது கற்பனை ஹீரோ மேலிருந்து குதிக்கிறார்.

செயினை இழுக்கும் கையில் ஓங்கி ஓர் உதை விடுகிறார். பிடி விடுகிறது, பைக் சாய்கிறது, செயின் கீழே கிடக்கிறது. எழுந்து ஓடப் பார்ப்பவனைச் சட்டையைப் பிடித்து நிறுத்துகிறார். அடுத்து, “இனிமே இந்த ஏரியாவுல கை வைப்பியாடா?” என்று சுவரோடு சேர்த்து இரண்டு அறை. “உன் ஆளுங்க எங்கடா இருக்கானுங்க?” என்று கேட்டபடி அவனைத் தூக்கிக்கொண்டு பறந்து, கத்திப்பாரா மேம்பாலத்தின் வெளிப்பக்கம் ஒற்றைக் காலைப் பிடித்துத் தொங்கவிடுகிறார். கடைசியாக, இந்தக் காட்சியின் வீடியோ ஊரெல்லாம் பரவி, செயின் பறிப்பவன் ஒவ்வொருவனும் வானத்தைப் பார்த்து நடுங்க வேண்டும் என்று நினைக்கிறார்.

திரையில் இது அரை நிமிடம். பின்னணி இசையும் ஒன்றுதான். அதனால் எல்லாம் ஒரே செயல் போலத் தோன்றும். உண்மையில் ஐந்து வெவ்வேறு காரியங்கள் நடந்திருக்கின்றன: தடுத்தார், பிடித்தார், தண்டித்தார், பேசவைத்தார், பயத்தைப் பரப்பினார். ஐந்துக்கும் வேண்டிய நியாயம் ஒன்றல்ல. முதல் இரண்டுக்கும் செல்லுபடியாகும் காரணத்தை மீதி மூன்றுக்கும் இழுத்துக்கொண்டு போவதில்தான் கதைகளும் ரசிகர்களும் தவறுகிறார்கள். எந்தக் காட்சியைப் பார்த்தாலும் முதலில் இந்த இடங்களில் வெட்டிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தடுப்பதில் ஹீரோவுக்குச் சட்டமே துணை நிற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமை பற்றியவை. தன் உடலை மட்டுமல்ல, முன்பின் தெரியாத இன்னொருவரின் உடலையும் பொருளையும் காக்க அந்த உரிமை உண்டு. கூடவே இரண்டு கடிவாளங்கள். தடுக்கத் தேவையானதற்கு மேல் காயம் கூடாது. போலீஸை நாட அவகாசம் இருக்கும்போது இந்த உரிமை கிடையாது. திருட்டு என்றால் இன்னொரு எல்லையும் இருக்கிறது: பொருள் திரும்பக் கிடைத்த கணத்தில் பொருளைக் காக்கும் உரிமை முடிந்துவிடுகிறது. நம் காட்சியில் செயின் தரையில் விழுந்த இடம் அது.

பிடித்து வைப்பதற்கும் வழி இருக்கிறது. ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யத்தக்க குற்றத்தைக் கண்ணெதிரே செய்தவரைச் சாதாரணக் குடிமகனே பிடிக்கலாம். தேவையில்லாத தாமதம் இல்லாமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவு. ரகசியக் குகையில் இரண்டு நாள் கட்டிவைப்பது இதில் அடங்காது.

மூன்றாவது காரியத்திலிருந்து தரை நழுவுகிறது. அந்த இரண்டு அறையை நம் ஊரில் தர்ம அடி என்போம். செய்தித்தாள் தலைப்பிலும் அப்படியே வரும். அடிக்கிறவர் மனத்தில் கோபம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் அந்த அடி எதையும் தடுக்கவில்லை. ஆபத்து முடிந்துவிட்டது, ஆள் பிடியில் இருக்கிறான். இனி விழுவதெல்லாம் தண்டனை. தண்டனைக்கு முன்னால் சில கேள்விகளுக்குப் பதில் வேண்டும்: செய்தது இவன்தானா, என்ன செய்தான், அதற்கு எவ்வளவு? இதைத் திருக்குறள் ‘வெருவந்த செய்யாமை’ அதிகாரத்தின் முதல் குறளிலேயே வரிசைப்படுத்திவிடுகிறது: தக்கபடி ஆராய வேண்டும், மறுபடி அந்தக் குற்றத்துக்குப் போகாத வகையில் இருக்க வேண்டும், குற்றத்துக்கு ஒத்த அளவில் ஒறுக்க வேண்டும். ஆராய்வது முதலில் வருகிறது. அடுத்த குறள் இன்னும் நெருக்கமாக நம் பேச்சுக்கு வருகிறது: ‘கடிதோச்சி மெல்ல எறிக’. ஓங்கும்போது கடுமை, விழும்போது மென்மை. மிரட்டலை வள்ளுவர் முழுவதும் விலக்கவில்லை என்று இதைக் காட்டி வாதாடலாம், வாதம் சரிதான். ஆனால் அது கோல் யார் கையில் இருக்கிறதென்று ஊருக்கே தெரிந்த அரசனுக்குச் சொன்னது. அரசன் அஞ்சத்தக்கதைச் செய்தால் விரைவில் கெடுவான் என்று அதற்கடுத்த குறளிலேயே எச்சரிக்கையும் வருகிறது. முகம் தெரியாதவர் ஓங்கும் கோலுக்கு அந்த எச்சரிக்கை எட்டாது.

அளவு தவறுவதற்கு நம் சினிமாவிலேயே பெரிய உதாரணம் 2005-இல் வந்த ‘அந்நியன்’. விபத்தில் அடிபட்டவரைக் காரில் ஏற்ற மறுத்தவர், ரயிலில் மோசமான சாப்பாடு போட்ட காண்ட்ராக்டர், தரமில்லாத பிரேக் வயர் செய்தவர் ஆகியோருக்குக் கருட புராணத்தின் நரக தண்டனைகள் கிடைக்கின்றன. மூன்று பேர் மேலும் நமக்கு வரும் கோபம் உண்மையானது. அந்தக் கோபத்தின் அளவே தண்டனையின் அளவாகிவிடுவதுதான் அங்கே நடக்கிறது.

இனி மேம்பாலக் காட்சிக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ‘அடிக்கக்கூட இல்லையே, சும்மா மிரட்டினார்’ என்றுதான் எல்லோரும் இதைக் கடந்துபோகிறார்கள்.

கீழே விடும் எண்ணம் ஹீரோவுக்கு இல்லை. அது அவருக்கும் பார்வையாளருக்கும் தெரியும். தொங்குகிறவனுக்குத் தெரியாது, தெரிந்தால் மிரட்டல் வேலை செய்யாது. ஆக அவன் அனுபவிப்பது முழுமையான சாவு பயம். சட்டமும் மிரட்டியவரின் உள்மனத்தைவிட மிரட்டலைத்தான் பார்க்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவின்படி சாதாரண மிரட்டலுக்கு 2 ஆண்டு வரை சிறை. கொன்றுவிடுவேன், கையைக் காலை எடுத்துவிடுவேன் என்ற வகை மிரட்டலுக்கு 7 ஆண்டு வரை. அதே பிரிவில் சூப்பர் ஹீரோக்களுக்கென்றே எழுதியது போன்ற ஒரு வரியும் இருக்கிறது: பெயரையோ இருப்பிடத்தையோ மறைத்துக்கொண்டு மிரட்டினால் கூடுதலாக 2 ஆண்டு வரை. முகமூடியின் வேலையே அந்த மறைப்புதான். அடித்துத் தகவல் கறந்தால் அதே சட்டத்தின் 120-ஆம் பிரிவு வருகிறது: 7 ஆண்டு வரை, கொடுங்காயம் என்றால் 10 ஆண்டு வரை. போலீஸ்காரர் செய்தாலும் சரி, பொதுஜனம் செய்தாலும் சரி.

சட்டத்தை ஒதுக்கிவிட்டு முறையை மட்டும் பாருங்கள். கூட்டாளி எங்கே என்று கேட்டால், தொங்குகிறவன் முதலில் ‘எனக்குத் தெரியாது’ என்பான். கூட்டாளியைக் காப்பாற்ற நினைப்பவனும் அதைத்தான் சொல்வான். உண்மையிலேயே எதுவும் தெரியாமல், தப்பாகப் பிடிபட்ட ஒரு மெக்கானிக்கும் அதே வார்த்தையைத்தான் சொல்வார். ஹீரோவின் காதில் இரண்டும் ஒன்றுபோல விழும். அடுத்து பிடி கொஞ்சம் தளரும், இன்னும் கொஞ்சம் தளரும். குற்றவாளிக்கு எந்த நேரத்திலும் வெளியே வர ஒரு கதவு இருக்கிறது: உண்மையைச் சொல்லிவிட்டால் போதும். மெக்கானிக்கிடம் சொல்ல உண்மை இல்லை. அந்தக் கதவு அவருக்குக் கிடையாது. கடைசியில் வாயில் வரும் ஏதோ ஒரு பெயரைச் சொல்வார், பெரும்பாலும் அவருக்குத் தெரிந்த இன்னொரு அப்பாவியின் பெயரை. மிரட்டி விசாரிக்கும் முறையின் உள்ளமைப்பே இதுதான். குற்றவாளியைவிட நிரபராதியை அது அதிக நேரம் வதைக்கும். அடிப்பவர் எவ்வளவு நல்லவர் என்பதைப் பொறுத்து இது மாறுவதில்லை.

கதையில் இந்த ஓட்டை ஏன் தெரிவதில்லை? கதாசிரியர் ஹீரோவுக்கு ஒரு ரகசிய சலுகை கொடுத்திருக்கிறார். பிடிபட்டவன் குற்றவாளிதான் என்பதை முந்தைய காட்சியிலேயே நமக்குக் காட்டிவிடுகிறார். ஹீரோ தப்பான ஆளைத் தொங்கவிடும் காட்சியை எழுதுவதே இல்லை. பறப்பதும் சுவரைத் துளைத்துப் பார்ப்பதும் பெரிய சக்தியல்ல. எப்போதும் சரியான ஆளையே பிடிப்பதுதான் சூப்பர் ஹீரோவின் உண்மையான அமானுஷ்ய சக்தி. அதை மட்டும் எடுத்துவிட்டு அதே காட்சியை மறுபடி ஓட்டிப் பாருங்கள். விசில் வராது.

இந்தச் சலுகையை மறுத்துப் பார்த்த கதை, 2008-இல் வந்த ‘தி டார்க் நைட்’. போலீஸ் விசாரணை அறையில் பேட்மேன் வில்லன் ஜோக்கரை மேஜையிலும் சுவரிலும் மோதுகிறார். ஜோக்கர் சிரிக்கிறான், பிறகு கடத்தப்பட்ட இருவர் இருக்கும் இரண்டு முகவரி சொல்கிறான். முகவரிகள் சரி, எங்கே யார் என்பதை மாற்றிச் சொல்லிவிடுகிறான். தோழி ரேச்சலைக் காப்பாற்றப் போன பேட்மேன், அரசு வக்கீல் ஹார்வி டென்ட் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்கிறார், ரேச்சல் இறக்கிறாள். அடித்தால் பேச்சு வரும். என்ன பேச்சு என்பது அடி வாங்குகிறவன் கையில் இருக்கிறது. சொன்னதைச் சரிபார்க்க வேறு தகவல் வேண்டும். அது இருந்தால் அடிக்கவே தேவையில்லை. இல்லாவிட்டால் அடித்து வாங்கியதை நம்ப வழியில்லை.

அதே படத்தில் மிரட்டலின் இன்னொரு விதியும் தெரிகிறது. தாதா மரோனியை உயரத்திலிருந்து பிடித்துக்கொண்டு கேட்கிறார் பேட்மேன். இந்த உயரத்திலிருந்து விழுந்தால் சாக மாட்டேன் என்கிறான் அவன். அதை நம்பித்தான் செய்கிறேன் என்று பேட்மேன் பிடியை விட்டுவிடுகிறார், அவன் கால் முறிகிறது. வெறும் மிரட்டல் என்று தெரிந்துபோனால் மிரட்டல் செத்துவிடும். அதை உயிரோடு வைத்திருக்க அவ்வப்போது யாரையாவது உண்மையிலேயே கீழே போட வேண்டும். ரவுடிகள் நடத்தும் கட்டப் பஞ்சாயத்து ஓடுவதும் இந்த எரிபொருளில்தான். கையெழுத்துப் போட மறுத்த ஒருவருக்கு நடந்ததைக் காட்டித்தான் அடுத்த பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்குகிறார்கள்.

‘கொல்லவில்லையே’ என்ற சமாதானத்தைக் கொஞ்சம் மருத்துவத்தோடும் இயற்பியலோடும் உரசிப் பார்க்கலாம். தலையில் ஒரு குத்து, வில்லனின் ஆள் மயங்கி, கதை முடியும்வரை சமர்த்தாகத் தூங்குகிறான் என்று காட்டுவார்கள். நிஜத்தில் தலையடி மயக்கம் பெரும்பாலும் சில நொடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில் தெளிய வேண்டும். அதற்கு மேல் நீண்டால் அது தூக்கமல்ல, உடனே ஸ்கேன் எடுக்க வேண்டிய மூளைக் காயம். குத்தைவிட, நினைவிழந்தவன் கையை ஊன்ற முடியாமல் பின்மண்டை தரையில் மோத விழுவது பல நேரம் ஆபத்தானது. கான்கிரீட் பிளாட்பாரத்தில் ஒற்றைக் குத்தே உயிரை எடுத்துவிடக்கூடும். தோள் மூட்டு நழுவினால் அதே கையில் மறுபடி நழுவும் வாய்ப்பு கூடுகிறது. பாரம் தூக்கிப் பிழைப்பவருக்கு அது வேலைபோகும் காயம்.

மாடியிலிருந்து தள்ளிவிட்டுப் பாதியில் பிடிப்பதும் அப்படித்தான். 30 மீட்டர், ஏறக்குறைய பத்து மாடி. விழ இரண்டரை நொடி ஆகும், கடைசியில் வேகம் மணிக்கு சுமார் 87 கிலோமீட்டர். அதை ஒரு மீட்டர் தூரத்துக்குள் நிறுத்தினால் உடல் தாங்க வேண்டியது தன் எடையைப் போல் சுமார் 30 மடங்கு விசை. காலில் கயிறு மாட்டி நிறுத்தினால் அந்த உதறல் இடுப்பு, முதுகெலும்பு, கழுத்து என்று ஓடும். காமிக்ஸ் உலகமே இதை ஒருமுறை நேர்மையாக ஒப்புக்கொண்டிருக்கிறது. 1973-இல் ஸ்பைடர்மேன் கதையில் பாலத்திலிருந்து விழும் க்வென் ஸ்டேசியை அவர் வலையால் பிடித்துவிடுகிறார். அந்தத் திடீர் நிறுத்தத்தில் அவள் கழுத்தருகே முறிவுச் சத்தத்தைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். அவள் பிழைக்கவில்லை. காப்பாற்றும் நோக்கத்தோடு, காதலியைப் பிடித்தபோதே அந்த முடிவு. பயமுறுத்துவதற்காக ஒருவனைக் கீழே விட்டுப் பிடிக்கும் ஹீரோ அந்த அபாயத்தை அவன் கழுத்தில் வைத்துத்தான் சோதித்துப் பார்க்கிறார்.

இப்படி வன்முறை மலிந்து கிடக்க, கொலை மட்டும் விலக்கானது எப்படி என்ற கேள்விக்கு வரலாறு ஓரளவு விடை சொல்கிறது. 1938-இல் வந்த முதல் சூப்பர்மேன் கதையிலேயே அவர் ஓர் ஆளைத் தூக்கிக்கொண்டு தொலைபேசிக் கம்பி மேல் ஓடி மிரட்டுகிறார். 1939-இல் பேட்மேனின் முதல் கதையில் வில்லன் அமிலத் தொட்டியில் விழுந்து சாகிறான், பேட்மேன் வருத்தப்படுவதில்லை. குற்றவாளிகள் கோழைகள், அவர்கள் நெஞ்சில் திகிலை ஏற்படுத்தும் வேடம் வேண்டும் என்பதே வௌவால் உடைக்கு அவர் சொல்லும் காரணம். 1940-இல் விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுடவும் செய்தார். சிறுவர்கள் படிக்கும் இதழாயிற்றே என்ற கவலையில் அதன்பின் கொலைக்கும் துப்பாக்கிக்கும் ஆசிரியர் தரப்பு தடை போட்டது. தடை வந்தது பதிப்பகத்தின் தேவையால். அதனால்தான் அது கொலையோடு நின்றுவிட்டது. திகிலூட்டுவது, அடித்து விசாரிப்பது எதையும் அது தொடவில்லை. நம் வீடுகளில் ராணி காமிக்ஸ் வழியாக வந்த முகமூடி வீரர் மாயாவியையும் யோசியுங்கள். தாடையில் குத்தினால் மோதிரத்தின் மண்டையோட்டு முத்திரை வாழ்நாள் முழுக்க அழியாது. சின்ன வயதில் அந்த முத்திரையை எவ்வளவு ரசித்தோம்! தண்டனைக் காலம் முடிந்து வெளியே வந்தவன் அந்த முகத்தோடு எங்கே வேலை கேட்பான் என்று கதை கேட்டதில்லை.

தத்துவத்தில் இதை மூன்று கோணங்களில் அணுகுவார்கள். விளைவைப் பார்ப்பவர்கள் மொத்தத்தில் நன்மை கூடியதா என்று கேட்பார்கள். கடமையைப் பார்ப்பவர்கள், எந்த மனிதரையும் வெறும் கருவியாக்கக் கூடாது என்பார்கள். குணத்தைப் பார்ப்பவர்கள், தினமும் இப்படிச் செய்தால் செய்பவர் எப்படிப்பட்ட ஆளாவார் என்று கேட்பார்கள். அடித்துப் பேசவைக்கும் விஷயத்தில் ‘விளைவு’ கட்சி ஹீரோவுக்குத் துணை நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தப்பான ஆள், தப்பான முகவரி, அடுத்த முறை கூட்ட வேண்டிய கொடூரம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தால் அந்தத் துணையும் விலகிவிடுகிறது.

ஹீரோ தரப்பின் வலுவான வாதம் வேறு: போலீஸே விலைபோய்விட்டால்? பேட்மேனின் ஊரான காத்தம் நகரின் கதையே அதுதான். இதை லேசாக ஒதுக்கக் கூடாது. புகார் கொடுக்கப் போனவரையே உட்காரவைத்து மிரட்டும் ஸ்டேஷன் இருக்கும் ஊரில், ‘போலீஸை நாட அவகாசம் இருந்ததே’ என்ற கடிவாளம் உண்மையிலேயே தளர்கிறது. தடுப்பதற்கும் பிடிப்பதற்கும் ஹீரோவுக்கு இடம் கூடுகிறது. ஆனால் கெட்டுப்போன போலீஸிடம் நாம் எதை எதிர்க்கிறோம்? யாரிடமும் பதில் சொல்லாமல், சரிபார்க்காமல் அடிப்பதைத்தானே? கையில் மாவுக்கட்டோடு நிற்பவரின் போட்டோவைப் போட்டு, பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்று செய்தி வரும்போது கீழே கைதட்டும் கமென்ட்களைப் பாருங்கள். ஹீரோவுக்கு அடித்த அதே விசில்தான் அது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் அவரைத் தேடி ஸ்டேஷனுக்குப் போன மகனும் காவலில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தபோது கைதட்டியவர்களும் அதிர்ந்துபோனார்கள். கைதட்டு வாங்கிய மாவுக்கட்டும் அந்தக் காவலும் ஒரே அனுமதியிலிருந்துதான் வருகின்றன: இவன் குற்றவாளிதான், எனக்குத் தெரியும்.

சாதாரண ஜனங்கள் காவலர் வேடம் எடுத்தாலும் இதே கதிதான். 2018 மே மாதம் குழந்தை கடத்தல் கும்பல் பற்றிய வாட்ஸ்அப் வதந்தி பரவிய நாட்களில், சென்னையிலிருந்து கோயிலுக்குக் காரில் போன ஒரு குடும்பத்தைத் திருவண்ணாமலை மாவட்டத்தில் கும்பல் சூழ்ந்து அடித்தது. 60 வயதைத் தாண்டிய ஒரு பெண் இறந்தார். வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் சந்தேகத்தின் ஆரம்பம். அடித்தவர்கள் மனத்தில் தாங்கள் குழந்தைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைப்பு.

அப்படியானால் இவ்வளவு சக்தியை வைத்துக்கொண்டு ஹீரோ என்னதான் செய்யலாம்? தடுப்பதும் பிடிப்பதும் போக, அவரால் முடிகிற மிகப் பெரிய உதவி சாட்சியாக நிற்பது. கதைகளில் திருடனை விளக்குக் கம்பத்தில் கட்டி, ஒரு சீட்டு எழுதிவைத்துப் பறந்துவிடுகிறார்கள். மறுநாள் சைதாப்பேட்டை கோர்ட்டில் அந்த வழக்கு எப்படி நிற்கும் என்று பாருங்கள். செயினைக் கைப்பற்றியது யார்? கைப்பற்றியதைப் பதிவுசெய்யும் மகஜரில் யார் கையெழுத்து? அவன் கையில்தான் இருந்தது என்று கண்ணால் பார்த்தவர் யார்? உடம்பில் இருக்கும் காயம் எப்படி வந்தது என்று மாஜிஸ்திரேட் கேட்டால் எஸ்.ஐ. என்ன சொல்வார்? போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவனுக்கு எதிராகச் சாட்சியாக்க முடியாது. மேம்பாலத்தில் தொங்கியபடி சொன்னதற்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடைக்காது.

சரி, ஹீரோவின் உடையில் கேமரா இருக்கிறது, பறிப்பு முழுவதும் பதிவாகியிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மின்னணுப் பதிவை ஆதாரமாகக் கொடுக்க, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேண்டும். எந்தக் கருவியில் பதிவானது, அது ஒழுங்காக இயங்கியதா என்பதைச் சொல்லி, கருவிக்குப் பொறுப்பானவர் அதில் கையெழுத்திட வேண்டும். பிறகு கூண்டில் ஏறி, எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும்: இருட்டில் எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தீர்கள், முகம் தெரிந்ததா, அவனை எத்தனை முறை அடித்தீர்கள்? அந்தக் கையெழுத்தைச் சொந்தப் பெயரில்தான் போட முடியும்.